நிலத்தை ஒற்றி வைத்துக் கடல் கடக்கும் நோயாளர்

(கிளிநொச்சியில் உழவர்களும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அரசியற் கூட்டத்தில் வைத்தியத்தைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நாம் வைத்தியம் கற்றவரல்லோம், சட்டம் கற்றவர்கள். ஆயினும், ஒரு வீட்டில் பெருநோய் புகுந்துவிட்டால், வைத்தியரின் கதவு தட்டப்படும் அதே வாரத்தில் நொத்தாரிசின் கதவும் தட்டப்படுகின்றது. காணியுறுதியைக் கடதாசிப் பையிற் சுற்றி எடுத்து வருகின்றார்கள். "சென்னைக்குப் போக வேண்டும், ஐயா, எழுதித் தாருங்கள்" என்பதே அவர்கள் வாயிலிருந்து வரும் முதற்சொல். ஆண்டுதோறும் இச்சொல்லைக் கேட்டுக் கேட்டு, அதனை இனியும் தனிக்குடும்பத்தின் துன்பமென்று ஒதுக்கிவிட இயலாது என்ற முடிவுக்கு வந்தே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

தென்மராட்சித் தோட்டக்காரர் இரண்டு பரப்புக் காணியை ஒற்றி வைக்கின்றார். கிளிநொச்சி உழவரின் நிலையோ அதனினும் இடர்மிக்கது. அவர் உழும் வயல் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கிடைத்த பெர்மிற் காணி. அதனைத் தம் விருப்பப்படி விற்கவோ ஈடு வைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே, மனைவியின் தாலிக்கொடி முதலில் அடகுகடைக்குப் போகின்றது. அடுத்து உழவு இயந்திரம் போகின்றது. அதுவும் போதாதவிடத்து மாதவட்டிக்காரர் படலையைத் திறந்து உள்ளே வருகின்றார்.

இவ்வாறு செல்வோரை நாம் குறைகூற வரவில்லை. உயிரைக் காக்க நிலத்தை விடுவது குற்றமன்று. அவர்கள் ஏன் போகின்றார்கள், எதனை அறிந்துகொண்டு போக வேண்டும், போகவேண்டிய தேவை குறைய நாம் யாது செய்ய வேண்டும் என்னும் மூன்றையுமே ஆராய விரும்புகின்றோம்.

இந்நாட்டின் அரச வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். செல்வம் குறைந்த நாடொன்று தன் மக்களுக்குச் செய்த பெருங்கொடை அது. அதனைக் காப்பாற்றுவது எம் கடன். ஆனால் இலவசம் என்பது வேறு, உரிய காலத்திற் கிடைப்பது வேறு. சத்திரசிகிச்சைக்குத் திகதி எப்போது வரும் என்று காத்திருப்பவருக்கு நோய் காத்திருப்பதில்லை. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது, இலவச வைத்தியசாலையிலேயே மருந்தை வெளியில் வாங்கி வருமாறு துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்த நெருக்கடியோடு வைத்தியர் பலரும் நாட்டை விட்டு வெளியேறினர்.

கொழும்புத் தனியார் வைத்தியசாலைக்குப் போகலாமே எனின், அங்கும் பணம் வேண்டும், தங்குமிடம் வேண்டும், அவற்றுக்கும் மேலாக மொழி வேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், மார்பின் இடப்பக்கத்தில் எரிவா, குத்தா, அழுத்தமா என்பதைச் சொல்ல வேண்டிய வேளையில், அரசியலமைப்பு ஏட்டிலுள்ள தமிழ் கட்டிலருகே வந்து நிற்பதில்லை. அன்போடு சிகிச்சை செய்யும் சிங்கள வைத்தியர்கள் பலர் உளர்; அவர்களை நாம் வணங்குகின்றோம். வைத்தியரின் அன்பு பெரிது. ஆனால் நோயாளி சொல்வது அவருக்கு விளங்க வேண்டும். சென்னையிலும் வேலூரிலும் மதுரையிலும் எம்மவர் தம் நோவைத் தம் மொழியிற் சொல்கின்றார்கள். அவர்களை அங்கு இழுப்பவற்றுள் இதுவும் ஒன்று.

இவ்விடத்தில் வரலாறு ஒன்றை நினைவுகூர வேண்டும். 1820இல் டொக்டர் ஜோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க மிஷனரி வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். அவருடைய பேத்தியாகிய ஐடா ஸ்கடர் அம்மையாரே 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். இன்று எம் நோயாளர் தேடிச் செல்லும் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்தே வளர்ந்தது. 1847இல் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எம் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இலேதான். ஆக, கொழும்புக்கு முன்பே வைத்தியம் கற்பித்த மண் இது. வேலூருக்குப் போன குடும்பம் முதலில் வைத்தியப்பணி தொடங்கிய மண் இது. அத்தகைய மண்ணின் மக்கள் இன்று காணியை ஒற்றி வைத்து அக்கரைக்குச் செல்கின்றார்கள் என்றால், குறை மண்ணிலும் இல்லை, மக்களின் அறிவிலும் இல்லை.

அக்கரையிற் செலவு குறைவது எவ்வாறு? மதுரையைப் பாருங்கள். 1976இல் டொக்டர் வெங்கடசாமி, தாம் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், 11 கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். பணமுள்ளவர் தரும் கட்டணத்தைக்கொண்டு இல்லாதவருக்கு இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்தார்கள். வெளிநாட்டுக் கண்வில்லை விலை மிக்கதாயிருந்தமையால் 1992இல் தாமே அதனைச் செய்யத் தொடங்கினார்கள். ஒரே வகைச் சிகிச்சையைப் பெருந்தொகையினருக்கு ஒழுங்குபடச் செய்யும்போது கைத்திறன் கூடுகின்றது, செலவு குறைகின்றது. எனினும், அக்கரையிலுள்ள எல்லா வைத்தியசாலைகளும் மதுரையைப் போன்றவை என்று எண்ணிவிடாதீர்கள். சேவைக்கென நிற்பவையும் உண்டு. இலாபத்துக்கென நிற்பவையும் உண்டு. நோயாளியை அழைத்து வருபவருக்குத் தரகு கொடுக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. உங்கள் ஊருக்கு வந்து இன்ன வைத்தியசாலைக்கே போக வேண்டும் என்று வற்புறுத்துபவரிடம், "உமக்கு யார் கூலி தருகின்றார்?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

எங்கள் பாட்டன்மார் தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினார்கள். 1964 டிசெம்பர்ப் புயல் அந்தத் துறையை அழித்தது. 2019இல் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே விமானம் ஓடத் தொடங்கி, 2020இல் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. வழி குறுகிவிட்டது. வழி குறுகியதாற் செலவும் குறுகிவிட்டது என்று எண்ணுவதே தவறு. வைத்தியசாலை சொல்லும் தொகை ஒன்று. தங்கும் அறை, உடன் செல்வோரின் உணவு, மறு பரிசோதனைக்கு மீண்டும் மீண்டும் போய்வருதல் ஆகியவை வேறு. நாணயமாற்று இன்னொன்று. 2022 தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய்க்கு எமது பணம் 2 ரூபா 70 சதம் அளவிற் கொடுத்தோம். அதே ஆண்டின் நடுவில் அது 4 ரூபா 50 சதத்தையும் கடந்தது. ஒரு இலட்சம் இந்திய ரூபாய்ச் சிகிச்சை, நோயாளி படுத்திருக்கும்போதே, 2 இலட்சத்து 70 ஆயிரத்திலிருந்து 4 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் ஏறியது.

இனிச் சிறுநீரகத்தைப் பற்றி உழவர்களுக்குத் தனியே ஒரு சொல். 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்டு, வவுனியாவிலும் காணப்படும், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் நெல் உழவரையே பெரிதும் பிடிக்கின்றது. "இந்தியாவில் ஒரு சிறுநீரகம் வாங்கித் தருகின்றோம்" என்று யாரேனும் சொன்னால் அவரை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். 1994ஆம் ஆண்டின் இந்தியச் சட்டப்படி உறுப்பு விற்பனை குற்றம். நெருங்கிய உறவினரல்லாத உயிருள்ள இந்தியர் ஒருவர் அந்நியருக்கு உறுப்பு வழங்கவும் முடியாது. தாய், தந்தை, மகன், மகள், சகோதரர், கணவன், மனைவி போன்ற உறவினரே இங்கிருந்து உடன் செல்ல வேண்டும். அந்த உறவை எமது தூதரகம் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இங்கேதான் எம்மவர் இடறுகின்றார்கள். இடப்பெயர்விற் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருக்கும். அடையாள அட்டையில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் இன்னொரு பெயரும் இருக்கும். நோய் முற்றியபின் அவற்றைத் திருத்த ஓடுவதினும், இன்றே வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நன்று.

ஆதலின், போகத் துணிந்தவர்களுக்குச் சில சொல்லுகின்றோம்.

முதலாவது, இங்குள்ள விசேட வைத்தியரிடம் நோயின் பெயரையும், வேண்டிய சிகிச்சையையும், அது இந்நாட்டிற் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். இங்கேயே ஆகக்கூடியதற்குக் கடல் கடந்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம்.

இரண்டாவது, இரண்டு வைத்தியசாலைகளிடமிருந்தேனும் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். சிக்கல் நேர்ந்தால் எவ்வளவு கூடும் என்பதையும் கேளுங்கள். திரும்பி வந்தபின் உங்களைப் பார்க்கப்போகும் வைத்தியர் யார் என்பதைப் புறப்படுமுன் முடிவுசெய்யுங்கள்.

மூன்றாவது, சிகிச்சைக்கெனத் தனி விசா உண்டு. உடன் செல்லும் உறவினர் இருவர் வரைக்கும் அதற்கேற்ற விசா உண்டு. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அது இன்றியமையாதது. பணத்தை உண்டியல்காரரிடம் கொடாது வங்கி மூலமே அனுப்புங்கள். பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் காத்து வையுங்கள். கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துள் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்த்தது. ஆயினும் அவ்வழி நீண்டது. 1998இற் கொல்கத்தாவிற் சிகிச்சை பெற்று இறந்த ஒரு பெண்மணியின் வழக்கில் இறுதி இழப்பீடு 2013இலேயே தீர்க்கப்பட்டது. வழக்காடிய கணவர் தாமே வைத்தியர். உழவர் ஒருவர் பதினைந்து ஆண்டு அக்கரைக்கு வழக்குக்கு நடக்க முடியுமா?

நான்காவது, காணி. கணவர் நோயாளியாயின், நினைவு தெளிவாயிருக்கும்போதே அட்டோர்ணித் தத்துவம் எழுதுங்கள். தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கவும் ஈடு வைக்கவும் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவர் சம்மதம் தர இயலாத நிலையிலிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைப் பெறலாம். கணவனைக் காப்பாற்றத் தன் காணியை விற்க வந்த பெண், கணவனின் கையொப்பமின்றித் திரும்பிப் போவது எத்துணைக் கொடுமை! அச்சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பது எமது கருத்து.

ஐந்தாவது, ஈடு வைக்குமுன் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியம் வைத்திய உதவி வழங்குகின்றது. அது பிச்சையன்று, உங்கள் நாட்டுப் பணம்.

இவையெல்லாம் தனிமனிதருக்கான அறிவுரை. மக்களுக்கான வழி யாது?

இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தைத் தேடிப் பாருங்கள். சுகாதாரத்துக்கான உரிமை என்று ஒரு வரி அங்கில்லை. இந்திய அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளிலும் அச்சொல் வெளிப்படையாக இருக்கவில்லை. புகையிரதத்திலிருந்து வீழ்ந்த தொழிலாளி ஒருவர் கல்கத்தாவில் அரச வைத்தியசாலைகள் பலவற்றால் இடமில்லையென்று திருப்பப்பட்டார். அவருக்காக மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. உயிர்வாழும் உரிமைக்குள் அவசர சிகிச்சையும் அடங்கும் என்று 1996இல் தீர்ப்புப் பெற்றது. வயலில் வேலை செய்தோரின் சங்கம் நாட்டுக்கே சட்டம் தேடித் தந்தது. இம்மண்டபத்திலுள்ள உழவர் சங்கத்தினர் அதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

எம்மாலும் ஆகும் என்பதற்குத் தெல்லிப்பழை சான்று. 2011இல் தெற்கு முனையாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை இளைஞர்கள் நடந்து நிதி திரட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கொடுத்தார்கள். 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இனம் பாராது மக்கள் கட்டித் தந்த இடத்தை ஆளணியாலும் கருவியாலும் நிரப்புவது அரசின் கடன். சுகாதாரத்திற் பெரும்பகுதி மாகாணத்துக்குரியது என்று பதின்மூன்றாந் திருத்தம் சொல்கின்றது. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மாகாண சபை ஏன் வேண்டும் என்று கேட்போருக்கு எமது விடை இது: ஒரு நோயாளி எங்கே படுக்க வேண்டும், எந்தக் கருவி முதலில் வரவேண்டும் என்பதை அந்நோயாளியின் அயலவர் தீர்மானிப்பதற்கே வேண்டும்.

எனவே நாம் கேட்பன மூன்று. அரசியலமைப்பில் சுகாதாரம் உரிமையாக எழுதப்பட வேண்டும். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் எத்தனை பேர், எந்நோய்க்கு வெளிநாடு போகின்றார்கள் என்பதைக் கணக்கெடுத்து, அந்நோய்களுக்கு இங்கே முதலிடம் தர வேண்டும். அதுவரையும், இங்கு இயலாத சிகிச்சைக்கு இரு அரசுகளும் உடன்படிக்கை செய்து, வைத்தியரின் கடிதத்தோடு செல்பவரின் செலவில் அரசு பங்கேற்க வேண்டும்.

பெரியோர்களே! எமது மேசைக்கு வரும் உறுதிகளில் நன்கொடை உறுதிகளும் உண்டு; பிள்ளைக்குச் சீதனமாகக் காணி எழுதும் நாளில் வீட்டார் முகத்தில் மகிழ்ச்சி இருக்கும். அத்தகைய உறுதிகளையே நாம் எழுத விரும்புகின்றோம். நோய்க்காகக் காணி கைமாறும் உறுதி இனி எழுதப்படாத காலம் வரவேண்டும். அக்காலம் தானே வராது. நாமே வருவிக்க வேண்டும்.