கண் முன்னால், எண் பின்னால்

நடுவர் அவர்களே! எதிரணியில் கால்குலேட்டரோடு வந்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! ஆளைப் பார்த்தே எடைபோடத் தெரிந்த பெரியோர்களே, தாய்மார்களே!

கூடைப்பந்து வீரரின் தரத்தைச் சொல்வது புள்ளிவிவரமா, நேரில் பார்க்கிற பார்வையா? எனக்கு முன்னால் பேசிய நண்பர், வில்ட் சேம்பர்லேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1962 மார்ச் 2-ஆம் தேதி, அமெரிக்காவிலே ஹெர்ஷி என்கிற ஊரிலே, ஒரே ஆட்டத்தில் தனி ஆளாக 100 புள்ளி எடுத்தவர். அந்த சீசன் முழுக்க ஆட்டத்துக்குச் சராசரி 50.4. "இதுக்கு மேலே என்னய்யா சாட்சி வேணும்?" என்று மேஜையைத் தட்டினார். மேஜை பாவம்! (சிரிப்பு)

நண்பர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் பாதியிலே நிறுத்திட்டாரே! அதே சீசனில் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போச்சு? பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸலுக்கு. அவருடைய சராசரி என்ன? 18.9! ஐம்பது எங்கே, பத்தொன்பது எங்கே? விருது கொடுத்தவங்களுக்குக் கணக்குத் தெரியாதா? அந்தக் காலத்தில் இந்த விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்களேதான். இரண்டு பேரோடும் மோதித் தோள்பட்டை வீங்கினவர்கள்! கணக்கு நோட்டைப் பார்க்கலே, ஆட்டத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டாங்க. (கைதட்டல்)

அப்படி ரஸ்ஸல் என்ன செய்தார்? எதிரி கூடையை நோக்கி வீசுகிற பந்தை நடுவழியிலே தட்டிவிடுவார். 'பிளாக்' என்பார்கள். இதை என்.பி.ஏ. முறையாக எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969-இல்! அவருடைய மிகப் பெரிய வித்தைக்கு அதிகாரபூர்வமான கணக்கே கிடையாது. எதிரணி நண்பர்களே, உங்க நோட்டிலே அந்தப் பக்கம் வெள்ளைத்தாள்!

சரி, எண்ணியிருந்தால் மட்டும் போதுமா? பந்தைக் கூட்டத்துக்குள்ளே பறக்கவிட்டாலும் ஒன்று, தன் அணிக்காரன் கைக்குத் தட்டிக் கொடுத்தாலும் ஒன்று. ரஸ்ஸல் பேர் வாங்கினது இரண்டாவது ரகத்துக்கு. எண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. கண்ணுக்கு ரெண்டும் வேற. இன்னொன்று பாருங்க. "ரஸ்ஸல் நிக்கிறாரு"ன்னு பயந்து ஒருத்தன் பந்தை வீசாமலே திரும்பிப் போறானே, அதை எந்தக் கட்டத்திலே எழுதுவீங்க?

தாய்மார்களைக் கேக்கிறேன். பொங்கி வழிஞ்ச பாலுக்கு வீட்டிலே கணக்கு உண்டு. வழியறதுக்கு முன்னாலே ஓடிவந்து அடுப்பை அணைச்ச கைக்குக் கணக்கு உண்டா? (பலத்த கைதட்டல்)

அடுத்து வந்த அம்மா, யோகிச் கதையைச் சொன்னார்கள். "2014 தேர்விலே 40 பேரை எடுத்த பிறகு, 41-ஆவதா எடுக்கப்பட்டவர் நிகோலா யோகிச். அவரே 2021, 2022, 2024 என்று மூன்று முறை சிறந்த ஆட்டக்காரர் ஆனார். உங்க கண் அன்னைக்கு எங்கே போச்சு?" நல்ல கேள்வி. ஆனால் அம்மா, பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு. பெண் பார்க்கப் போய்விட்டு, பஜ்ஜியை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அது கண்ணின் குற்றமா? (சிரிப்பு) ஆளின் உடம்பை மட்டும் பார்த்து முடிவு கட்டினால், அது பார்வையே இல்லை.

எண்ணே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. மனுஷனுக்கு மறதி உண்டு, பாசம் உண்டு, பக்கச்சார்பு உண்டு. அதைத் திருத்த எண் வேண்டும். 2013-14 முதல் என்.பி.ஏ. அரங்கங்களில் கேமராக்கள் வைத்து, ஒவ்வொரு வீரரும் நகர்கிற நகர்வையே கணக்கிடுகிறார்கள். வளர்ச்சிதான். ஆனால் எதை எண்ணவேண்டும் என்று அந்தக் கேமராவுக்குச் சொன்னது யார்? ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஒரு மனுஷக் கண்! பிளாக்குக்குக் கணக்கு வந்ததும் அப்படித்தான். கண் முதலில் பார்த்தது; எண் பின்னால் வந்து எழுதிக்கொண்டது.

ரஸ்ஸல் ஆடியது 13 சீசன். அவர் அணி வென்றது 11 பட்டம். "பதினொண்ணும் எண்தானே!" என்று நண்பர் முணுமுணுக்கிறார். ஆமாம் ஐயா, ஆனால் அது அணியோட எண். அந்தப் பதினொன்றில் அவர் பங்கு என்ன என்று கேட்டால், மறுபடி ஆட்டத்தைத்தான் பார்க்கவேண்டும்!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையும் நாளைக்கு ஒரு மார்க் சீட்டைக் கொண்டுவந்து நீட்டும். எண்ணைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், தலையை நிமிர்த்திப் பிள்ளையின் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். எந்தக் கட்டத்திலும் எழுதாத ஒன்று அங்கே இருக்கும். வீரரை எடைபோட முதலில் வேண்டியது கண்ணே, கண்ணே என்று சொல்லி அமர்கிறேன்.