வளவு மடுவில் வந்த முதலை



நம் இலக்கியத்திலே முதலைக்கு நற்பெயர் கிடைத்ததில்லை. கசேந்திரன் என்னும் யானையின் காலைப் பற்றியது முதலை. திருமால் வந்து அதனைத் தடிந்தார். அவிநாசியிலே குளிக்கச் சென்ற பாலகனை விழுங்கியது முதலை. சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாட, உண்ட பிள்ளையைத் திருப்பித் தந்தது. பொய்யாகச் சிந்தும் கண்ணீருக்குங்கூட அதன் பெயரையே வைத்துவிட்டோம். வள்ளுவர் ஒருவர்தாம் அதனை நிதானமாக நோக்கினார். ஆழ்ந்த நீருக்குள் முதலையே வெல்லும், நீரைவிட்டு நீங்கினால் பிற உயிர்கள் அதனை வெல்லும் என்று இடனறிதலில் அவர் சொன்ன கருத்து வெறும் உவமையன்று. எனது இன்றைய பேச்சுக்கும் அதுவே அடிப்படை. குளத்திலும் வாவியிலும் இருக்கவேண்டிய முதலை, ஒரு நாட் காலையில் நம் வீட்டு வளவிலுள்ள மடுவிலே தலைகாட்டினால் நாம் செய்யத்தக்கது யாது?

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், என் வீட்டு வளவின் பின்புறத்தில் ஒரு மடு உண்டு. தென்னம்பிள்ளைகளுக்கு நீர் இறைப்பதற்காக என் தகப்பனார் வெட்டுவித்தது. கோடையிலும் இடுப்பளவு நீர் நிற்கும். 2017ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், அவ்வாண்டின் கொடிய வறட்சியால் ஊர்க் குளம் பெரும்பாலும் வற்றி வெடித்துக் கிடந்த வேளையில், ஒரு நாள் விடியற்காலை என் மனைவி வாத்துகளைத் திறந்துவிட்டார். அவை வழக்கம்போல மடுவில் இறங்கவில்லை. கரையிலே நின்று கத்தின. வாத்துகளின் அறிவை அன்றுதான் நான் மதித்தேன். நீரின்மேல் இரண்டு கண்களும் மூக்கு நுனியும் தெரிந்தன, அவ்வளவே.

பொழுது ஏறுமுன் வளவு நிறைய ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் துப்பாக்கி கொண்டுவர ஆளனுப்பினார். இன்னொருவர் பெரிய தூண்டிலில் ஆட்டுக் குடலைக் கோத்துப் போட்டால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்றார். பெரியவர் ஒருவர் மட்டும் என்னருகே வந்து மெதுவாகக் கேட்டார்: "பிள்ளைகள் போகும் பாதை, அதிபர் ஐயா; நாளைக்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு?" அக்கேள்வி எனக்குச் சுட்டது. ஏன் சுட்டது என்பதைப் பின்னர் சொல்வேன்.

நான் கலைப் பட்டதாரி. விலங்கியலை முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் இந்நாட்டிற் பிறந்தவர் யாவரும் அறிந்திருக்கவேண்டிய சில செய்திகள் உள. இலங்கையில் இரண்டு இன முதலைகள் வாழ்கின்றன. ஒன்று, செம்மூக்கன் எனப்படும் உவர்நீர் முதலை. ஆற்றுமுகங்களிலும் களப்புகளிலும் அவற்றையடுத்த சதுப்புகளிலும் வாழ்வது; ஆண் ஐந்து மீற்றருக்கு மேலும் வளரும்; மனிதரைத் தாக்குவதில் இதுவே மிகக் கொடியது. மற்றையது குளத்து முதலை. முகம் அகன்றது, நான்கு மீற்றரைத் தாண்டுவது அரிது, மீனே அதன் முக்கிய உணவு. குளம் வற்றும்போது இக்குளத்து முதலை இரண்டில் ஒன்றைச் செய்யும். கரையிலே வளை தோண்டி அதனுட் கிடக்கும். அல்லது இரவு நேரத்தில் தரைவழியே நீர் தேடி நடக்கும். அவ்வாறு நடந்த வழியிலே அதற்குக் கிடைத்த நீர்தான் என் மடு. என் வாத்தைத் தேடியோ என்னைத் தேடியோ அது வரவில்லை.

மதியத்தில் அது கரையேறிக் கிடந்தபோது முழு உருவமும் தெரிந்தது. ஐந்தடி நீளமுள்ள குளத்து முதலை. வாயைப் பிளந்தபடி அசையாமற் கிடந்தது. ஊரார் அதனைக் கோபம் என்றார்கள். உண்மையில் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்வதற்காக முதலைகள் அவ்வாறு வாய் திறந்திருப்பதுண்டு.

கிராம அலுவலர் மூலமாக வனசீவராசிகள் அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் அறிவித்தோம். மூன்றாம் நாள் வருவதாகவும், அதற்குள் அது தானே போக விரும்பினால் வழிவிடுமாறும் அவர்கள் கூறினார்கள். அந்த 'வழிவிடுதல்' என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். முதலிற் கூட்டத்தைக் கலைத்தேன்; முதலையை விரட்டுவதிலும் அது கடினமான வேலை. பிள்ளைகளைப் பெருந்தெரு வழியாகப் பாடசாலைக்கு வரச்செய்து, மூலையில் ஓர் ஆசிரியரை நிறுத்தினேன். வாத்துகளைக் கூட்டில் அடைத்தோம், நாயைக் கட்டினோம். மடுவில் ஒரு வாளி நீரும் அள்ளவில்லை. நீரோரத்திலே குனிந்து நிற்பவனுக்குத்தான் ஆபத்து அதிகம். முதலை அடியிற் கிடந்தபடியே ஒரே பாய்ச்சலிற் பிடிப்பது. குளத்தை நோக்கிய பக்கத்துக் கிடுகு வேலியில் இரண்டு பாகம் அகலத்துக்குக் கிடுகுகளை அவிழ்த்துவிட்டு, அவ்விடத்தில் மணலைப் பரப்பினேன். இரவில் வெளிச்சம் காட்டவேண்டாம் என்று அயலவர்களைக் கேட்டுக்கொண்டேன்.

முதலிரவு ஒன்றும் நிகழவில்லை. என் மனைவி என்னோடு பேசவுமில்லை. இரண்டாம் இரவு கழிந்த காலையில், மணலிலே இருபுறமும் கால் தடங்களும் நடுவே வால் இழுபட்ட கோடும் இருந்தன. குளத்தின் நடுப்பள்ளத்தில் எஞ்சியிருந்த நீரை நோக்கி அது போயிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இம்முடிவு பெரும் ஏமாற்றம்.

எப்போதும் இவ்வாறே முடியும் என்று நான் சொல்லவில்லை. மடுவிலே மீன் மலிந்திருந்தால் அது தங்கிவிடக்கூடும். கரையில் முட்டையிட்டிருந்தால் தாய் முதலை அவ்விடத்தைக் காவல் காக்கும். அருகே செல்வது பெரும் தவறு. வந்தது செம்மூக்கனாயின், பொறுத்துப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. அப்போது அதனைப் பிடிக்கத்தான் வேண்டும். பிடிக்கவேண்டியவர்கள் பயிற்சி பெற்ற அதிகாரிகளே. சுருக்குக் கயிற்றால் மேற்றாடையைப் பிணித்து, ஈரச்சாக்கினாற் கண்களை மூடி, வாயைக் கட்டிவிடுவார்கள். முதலையின் வாயை மூடும் தசைகள் மிகவும் வலியவை; திறக்கும் தசைகளோ வலிமை குறைந்தவை. ஆதலால் மூடிய வாயைக் கட்டிவைப்பது எளிது. இதைக் கேட்டுவிட்டு எவரும் கயிற்றோடு முதலையின்மேல் ஏறவேண்டாம். தலையையும் வாலையும் அது வீசும் வீச்சு எலும்பை முறிக்கும். இவ்விரு இனங்களுக்கும் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு உண்டு என்பதையும் துப்பாக்கி தேடுவோர் மனங்கொள்ளல் வேண்டும்.

பிடித்தபின் எங்கே விடுவது? இதுவே எளிதில் விடை காணவியலாத கேள்வி. அவுஸ்திரேலியாவில் உவர்நீர் முதலைகளுக்குக் கருவி பொருத்தித் தொலைவிடங்களில் விட்டு ஆராய்ந்தார்கள். அவற்றுள் ஒன்று, கேப் யோர்க் குடாநாட்டின் மறுகரைக்கு ஹெலிகொப்டரிற் கொண்டுபோகப்பட்டது. 400 கிலோமீற்றருக்கு மேல் நீந்தி, குடாநாட்டைச் சுற்றிக்கொண்டு தன் பழைய இடத்துக்கே மீண்டது. அம்முடிவு 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலும் இதே தொல்லை. அங்கே வீடுகளின் பின்புறக் குளங்களில் வந்து குடியேறுவது அலிகேற்றர் என்னும் முதலைக் குலத்து உறவினன். நான்கடிக்கு மேற்பட்டு, மக்களுக்கோ வளர்ப்புப் பிராணிகளுக்கோ ஆபத்தாகும் என்று கருதப்படுவதை அரசின் அனுமதி பெற்ற வேட்டைஞர் அகற்றுகின்றனர். அகற்றியதைப் பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள். வேறிடத்தில் விட்டால் திரும்பி வந்துவிடும் என்பதே காரணம். அந்த மாநிலத்தில் அலிகேற்றருக்கு உணவு போடுவது குற்றம். உணவளித்த கையையும் உணவையும் அது வேறுபடுத்தி அறிவதில்லை. மனிதனைக் கண்டால் அஞ்சும் இயல்பும் அதனை விட்டுப் போய்விடுகிறது.

இவ்விடத்திலேதான் பெரியவரின் கேள்வி என்னைச் சுட்ட காரணத்தைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் குளத்துப் படித்துறையின் அருகே நெடுநாளாக மீன் கழிவும் கோழிக் கழிவும் கொட்டப்பட்டு வந்தன. கொட்டியவர் யாரென்று ஊர் அறியும், நானும் அறிவேன். நாள்தோறும் சைக்கிளில் அவ்வழியே சென்ற நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சென்றேனேயன்றி, ஒரு கடிதமேனும் எழுதினேனில்லை. மாலை வேளைகளில் அங்கே முதலைகள் காத்துக்கிடப்பதைப் பிள்ளைகள் வந்து வேடிக்கையாகச் சொல்வார்கள். நானும் கேட்டுச் சிரித்ததுண்டு. 2015ஆம் ஆண்டு, ஏழாந் தரத்து மாணவன் ஒருவன் பந்து விளையாடிவிட்டுக் கால் கழுவ அப்படித்துறையில் இறங்கினான். உடன் நின்ற பையன்கள் அவன் கைகளைப் பற்றி இழுத்தபடியால் உயிர் தப்பினான். வலது கணுக்கால் அவனுக்கு இன்றும் வளையாது. கடிதத்தை மறுநாள் எழுதினேன்.

கழிவு கொட்டுவது அதன்பின் நின்றது. மாத்தறையில் நில்வளா கங்கையின் கரையோரத்திலே, குளிக்குமிடத்தைச் சுற்றி ஆற்றுக்குள் வேலி அடைத்திருப்பார்கள். 'கிம்புல் கொட்டுவ' என்று சிங்களத்திற் பெயர். முதலைக் கோட்டை என்று சொல்லலாம். அதனை முன்மாதிரியாகக் கொண்டு 2016ஆம் ஆண்டு நாங்களும் பனங்கம்புகளை நட்டுக் கம்பிவலை அடைத்தோம். அடுத்த ஆண்டு வறட்சியிலே நீர் வேலிக்கு அப்பால் இறங்கிவிட, பெண்கள் வேலியைக் கடந்துபோய்க் குளித்தார்கள். வேலி கரையில் வெறுமனே நின்றது. அதுமுதல் ஆண்டுதோறும் ஆனி மாதத்தில், நீர் இறங்குமுன், கம்புகளைப் பிடுங்கி உள்ளே தள்ளி நடுகிறோம். இம்முறை பார்த்தபோது அடிப்புறத்தில் நான்கு கம்புகள் உளுத்திருந்தன. ஒரு நாய் நுழையுமளவுக்கு இடைவெளி. அவ்வளவு இடைவெளி ஒரு முதலைக்கும் போதும். புதிய கம்புகள் வரும்வரை அப்படித்துறையில் எவரும் இறங்காதபடி கயிறு கட்டியிருக்கிறோம்.