தாவர ஸ்டெரால்: எல்லாருக்கும் நல்லது, சிலருக்கு மட்டும் ஏன் ஆகாது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



போன கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, சிறுத்தை நடமாட்டம் என்று பேசவே நேரம் போதவில்லை. இன்றைக்குச் செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அதில் ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் நான் சமவெளியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தபோது, ஆறு ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றை ரத்தம் எடுக்கக் கூட்டி வந்தார்கள். ஊசி போடக் கையை நீட்டச் சொன்னேன். முழங்கையில் மஞ்சளாக, பட்டாணி அளவில் நாலைந்து கட்டிகள். "அது மருவுங்க, வெளக்கெண்ணெய் தடவிட்டு இருக்கோம்" என்றார் அந்தம்மா. பரிசோதித்தால் கொலஸ்ட்ரால் 400-க்கு மேலே. மெஷின் கோளாறு என்று நினைத்து மறுபடியும் ஓட்டினேன். அதே எண்தான் வந்தது. அப்பா, அம்மா இருவருக்கும் பார்த்தோம். இரண்டும் நார்மல்.

"முட்டை, நெய், கறி எல்லாத்தையும் நிறுத்திடுங்க" என்று நானே புத்தி சொல்லி அனுப்பினேன். "நாங்க சைவமுங்க. நல்லெண்ணெய், கடலை, எள்ளுருண்டை, அவ்வளவுதான்" என்றார்கள். அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை. பிறகு அவர்கள் வரவில்லை. அந்தக் குழந்தைக்கு என்ன நோய் என்று இன்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு உங்களிடம் ஒப்படைக்க வந்திருக்கிறேன்.

கொலஸ்ட்ரால் என்பது விலங்குகளின் உடம்பில் உண்டாகும் ஒரு ஸ்டெரால். செடி கொடிகளுக்கும் அதே மாதிரி ஸ்டெரால்கள் உண்டு. சிட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால் என்று பெயர்கள். எண்ணெய், எள், கடலை, தானியம், பருப்பு எல்லாவற்றிலும் இருக்கின்றன. சாதாரணச் சாப்பாட்டிலேயே தினமும் 200 முதல் 400 மில்லிகிராம் வரை உள்ளே போகிறது. சைவக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாகப் போகும். ஆனால் சாப்பாட்டில் உள்ள கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய பாதியை உறிஞ்சிக்கொள்ளும் நம் குடல், தாவர ஸ்டெராலில் நூற்றுக்கு ஐந்து பங்கைக்கூட எடுத்துக்கொள்வதில்லை.

ஏன் என்று புரிய, ஆழியாறு செக்போஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குடல் சுவரில் ஒரு கேட் இருக்கிறது. கொலஸ்ட்ரால் வண்டி, தாவர ஸ்டெரால் வண்டி இரண்டையும் அது உள்ளே விடுகிறது. உள்ளே இரண்டு காவலர்கள். ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்று பெயர். இருவரும் ஜோடியாக நின்றால்தான் வேலை நடக்கும். தாவர ஸ்டெரால் வண்டியைப் பார்த்ததும் "திரும்பிப் போ" என்று குடலுக்கே திருப்பி விடுவார்கள். தப்பி மேலே ஏறியவற்றைக் கல்லீரலில் நிற்கும் இதே ஜோடி பித்தநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். அதிகப்படியான கொலஸ்ட்ராலை வெளியேற்றுவதும் இவர்கள்தான்.

இந்த இரண்டு காவலர்களில் ஒருவர் பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால்? இன்னொருவர் தனியாக நின்று பயனில்லை. தாவர ஸ்டெரால் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். கூடவே கொலஸ்ட்ராலும் ஏறும். இதற்குச் சிட்டோஸ்டெரோலீமியா என்று பெயர்.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டாச்சார்யா, கானர் என்ற இருவர். வருஷம் 1974. அக்கா தங்கை இருவருக்குச் சிறு வயதிலிருந்தே தசைநாண்களில் கொழுப்புக் கட்டிகள். கொலஸ்ட்ராலோ நார்மல். அப்படியானால் கட்டி எங்கிருந்து வந்தது என்று துருவிப் பார்த்ததில், நம் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இருக்கக் கூடாத தாவர ஸ்டெரால், ஒருவருக்கு 18, மற்றவருக்கு 27 இருந்தது. சாப்பிட்ட சிட்டோஸ்டெராலில் நாலில் ஒரு பங்கை அவர்கள் குடல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. காரணமான மரபணுக்களைக் கண்டுபிடிக்க மேலும் கால் நூற்றாண்டு ஆனது. 2000-ஆம் ஆண்டு டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸ் குழுவினரும், அதை ஒட்டியே ஷைலேந்திர பட்டேல் குழுவினரும் கண்டுபிடித்தார்கள்.

அமெரிக்காவில் அமிஷ் என்று ஒரு கிராமச் சமூகம் இருக்கிறது. தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுப்பவர்கள். அங்கே ஒரு குடும்பத்தில் 13 வயதுப் பையன் திடீரென்று இறந்துபோனான். இதய ரத்தக் குழாய்கள் அடைத்திருந்தன. அந்த வீட்டில் உடன்பிறந்தவர்களுக்கும் இதே நோய் இருந்தது. பதின்மூன்று வயதில் மாரடைப்பு என்றால் நம்புவோமா?

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கொங்கு நாட்டில் ஒரே கூட்டத்தில் பெண் எடுக்க மாட்டோம். அவர்கள் பங்காளி, அண்ணன் தங்கை முறை. நல்ல வழக்கம்தான். ஆனால் மாமன் மகள் உரிமைப் பெண். அவள் வேறு கூட்டம் என்பதால் ரத்தம் வேறு என்று நினைக்கிறோம். கூட்டம் அப்பா வழியில் மட்டும் வருகிறது. மரபணு இரண்டு வழியிலும் வருகிறது. அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பொதுவாக வைத்திருப்பார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நாலில் ஒரு பங்கு.

இந்த நோய் வர, பழுதான பிரதி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்து சேர வேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ளவர் உங்களையும் என்னையும் போல நன்றாகத்தான் இருப்பார். அவருடைய ரிப்போர்ட்டும் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். அப்படி இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் இரண்டு பேரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அசலில் கட்டியவர்களுக்கும் இது வரலாம். யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. டாக்டர் "சொந்தத்துல கட்டினீங்களா?" என்று கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பதில் டாக்டருக்கு ஒரு துப்பு.

இது மிக அபூர்வமான நோய், பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்று சொல்லி வந்தார்கள். மரபணுப் பரிசோதனைகள் பெருகிய பிறகு, அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்றே கணிக்கிறார்கள். கண்ணில் படாததற்கு முதல் காரணம் என் தொழில்தான். சாதாரண லிப்பிட் டெஸ்ட் தாவர ஸ்டெராலைத் தனியாகக் காட்டாது. அதையும் கொலஸ்ட்ராலோடு சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுத்துவிடும். பிரித்துப் பார்க்க கேஸ் குரோமட்டோகிராபி என்ற வேறு பரிசோதனை வேண்டும். இல்லாவிட்டால் மரபணுப் பரிசோதனை. இதற்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ரத்த மாதிரியைப் பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். ஆனால் அதை எழுதித் தர டாக்டருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

அந்தச் சந்தேகத்தைக் கிளப்பும் அடையாளங்கள் இவை:

ஒன்று, குழந்தைக்கு முழங்கை, முழங்கால், கை விரல் கணு, குதிகால் நரம்பு ஆகிய இடங்களில் மஞ்சள் கட்டிகள்.

இரண்டு, குழந்தைக்குக் கொலஸ்ட்ரால் மிக அதிகம்; பெற்றோர் இருவருக்கும் நார்மல். பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் வழக்கமாக வருவது வேறு விதம். பெற்றோரில் ஒருவருக்காவது அதிகம் இருக்கும்.

மூன்று, ஸ்டாடின் மாத்திரை கொடுத்தும் சரியாக இறங்கவில்லை. ஆனால் சாப்பாட்டை மாற்றியதும் மளமளவென்று இறங்குகிறது.

நான்கு, தட்டணுக்கள் குறைவு, ஆனால் அளவில் பெரியவை. கூடவே ரத்தசோகை, மண்ணீரல் வீக்கம். சிவப்பணுவின் நடுவில் வாய் பிளந்த மாதிரி ஒரு கோடு தெரியும். இதை வேறு தட்டணு நோய் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்து, மண்ணீரலையே எடுத்துவிட்ட சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. மஞ்சள் கட்டியே இல்லாமல் ரத்தக் கோளாறாக மட்டும் வெளிப்படுவதும் உண்டு.

ஐந்து, குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு.

இவற்றில் எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "டாக்டர், தாவர ஸ்டெரால் பார்க்க வேண்டுமா?" அவ்வளவுதான்.

கேட்டால் என்ன லாபம்? இதற்கு வழி இருக்கிறது. எசெட்டிமைப் என்ற மாத்திரை 2002 முதல் உலகில் புழக்கத்தில் உள்ளது. நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. அது நான் சொன்ன அந்தக் கேட்டையே அடைத்துவிடுகிறது. காவலர் இல்லாவிட்டாலும் வண்டி உள்ளே வர முடியாது. மாத்திரையோடு சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்தால் பல குழந்தைகளுக்குக் கட்டிகள் கரைந்தே போகின்றன. ஒரு குழந்தைக்கு உறுதியானால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாருக்கும் பார்த்துவிட வேண்டும்.

சாப்பாட்டில்தான் வேடிக்கை. உடம்புக்கு நல்லது என்று நாம் ஊட்டும் எள், கடலை, முழுத்தானியம், செக்கு நல்லெண்ணெய், இவையெல்லாம் இந்தக் குழந்தைக்கு ஆகாது. 100 கிராம் தவிட்டு எண்ணெயில் தாவர ஸ்டெரால் 1000 மில்லிகிராமைத் தாண்டும். நல்லெண்ணெயும் அதிகம்தான். கடலை எண்ணெயில் சுமார் 200. தேங்காய் எண்ணெயில் 100-க்கும் கீழே. பொள்ளாச்சிக்காரர்கள் உடனே சந்தோஷப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு நம்மைப் போன்றவர்களின் கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது. நண்டு, இறால் வகைகளையும் இந்த நோயாளிகள் குறைக்க வேண்டும். எதை எவ்வளவு என்பதை டாக்டரும் உணவியல் நிபுணரும்தான் சொல்ல வேண்டும். வளரும் குழந்தைக்கு நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

பேச்சு முடிந்ததும் ஒரு சகோதரி கேட்டார்: "அப்ப நாங்க தவிட்டு எண்ணெயை விட்டுடணுமாங்க?" வேண்டாம். காவலர்கள் ஒழுங்காக வேலை செய்யும் உடம்பில் தாவர ஸ்டெரால் கொலஸ்ட்ராலோடு போட்டி போட்டு, அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. தினம் 2 கிராம் அளவில் எடுத்தால் கெட்ட கொலஸ்ட்ரால் நூற்றுக்கு எட்டு, பத்துப் பங்கு குறையும். அதனால்தான் "தாவர ஸ்டெரால் சேர்த்தது" என்று அச்சடித்து விற்கிறார்கள். பெரியவர்கள் டாக்டரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். கொலஸ்ட்ரால் அதிகம் என்று தெரிந்த குழந்தைக்கு மட்டும், காரணம் தெரியாமல் அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நாம் மலை மேலே இருக்கிறோம். நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் பொள்ளாச்சி, அதற்கப்புறம் கோவை. ஒவ்வொரு முறை இறங்குவதற்கும் ஒரு நாள் கூலியோ லீவோ போகிறது. ஆகவே இறங்கும்போது முழங்கைப் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும், அப்பா அம்மா இருவருடைய கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் கொண்டு போங்கள். கூடவே அந்தக் கேள்வியையும் கொண்டு போங்கள்.

நம் குடியிருப்பில் யாருக்கும் இந்த நோய் இல்லாமல் இருக்கலாம். இல்லாமலே இருக்கட்டும். ஆனால் உங்கள் ஊரில், சொந்தத்தில், எஸ்டேட் லைன் வீட்டில், எங்கேயாவது ஒரு குழந்தையின் முழங்கையில் மஞ்சள் கட்டியைப் பார்த்தால் வெளக்கெண்ணெய் தடவச் சொல்லிவிட்டு வராதீர்கள். நான் அன்றைக்கு விட்டதை நீங்கள் விட வேண்டாம்.