பௌர்ணமிக்கு முன்னாடியே பேசிடுங்க

திருவண்ணாமலை தேரடி வீதி ஜவுளிக்கடையில கணக்கு பாக்குற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "ராத்திரி பத்து மணிக்கு மேல முதலாளி வாட்ஸ்அப்ல ஸ்டாக் கேக்குறார். புதுச் சட்டம் வந்துடுச்சாமே, போனை ஆஃப் பண்ணிடலாமா?"

அவசரப்படாதீங்க தம்பி, சட்டம் இன்னும் வரலை. 2025 டிசம்பர்ல பாராமதி எம்.பி. சுப்ரியா சுலே மக்களவையில ஒரு மசோதா கொண்டுவந்தாங்க. வேலை நேரம் முடிஞ்சா போன், மெயில் எதுக்கும் பதில் சொல்லாம இருக்குற உரிமையைக் கேக்குது அது. ஆனா தனிநபர் மசோதா. சுதந்திரத்துக்கப்புறம் அந்த வழியில சட்டமானது மொத்தமே 14, கடைசி 1970ல! பிரான்ஸ்ல 2017லயும் ஆஸ்திரேலியாவுல 2024லயும் இந்த உரிமை வந்துடுச்சு, நமக்குத்தான் இன்னும் வரலை.

உங்க கையில இப்ப இருக்குறது 1947ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதுக்கு மேல வேலை வாங்கினா ரெட்டைச் சம்பளம். ஓவர்டைம் சேர்த்தும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. வாட்ஸ்அப்பைக் கனவுல கூட பாக்காத சட்டம்தான். ஆனாலும் ராத்திரி உக்காந்து அரை மணி நேரம் ஸ்டாக் கணக்கு போட்டா, அதுவும் வேலைதானேன்னு கேக்க உங்களுக்கு நியாயம் இருக்கு.

அதனால அந்த மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் ஆச்சுன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. கோவத்துல குரூப்பை விட்டு வெளியேற வேணாம். "காலையில கடை திறந்ததும் பாத்துச் சொல்றேங்க சார்", இது போதும்.

பௌர்ணமி, கார்த்திகை தீபம் வேற கதை. ஜனம் விடிய விடிய 14 கிலோமீட்டர் கிரிவலம் போற ஊர்ல, அன்னைக்கு ராத்திரி கடைக்கு ஆள் வேணும், ஒத்துக்குறேன். ஆனா பௌர்ணமி என்னைக்குன்னு பஞ்சாங்கத்துல வருஷத்துக்கு முன்னாடியே இருக்கு. முதலாளிக்கு மட்டும் அன்னைக்குச் சாயந்தரம்தான் தெரியுமா? எத்தனை மணி வரைக்கும், அதுக்கு ரெட்டைப் பணம் எவ்வளவுன்னு முன்கூட்டியே பேசி, பேசினதை அதே வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டு வைங்க.

அப்பவும் மசியலைன்னா மாவட்டத் தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு கொடுக்கலாம். தனியா போனா உங்க பேர் மட்டும்தான் முதலாளி மனசுல நிக்கும். 2023ல 12 மணி நேர வேலை மசோதா நம்ம சட்டமன்றத்துல நிறைவேறியும் வாபஸ் ஆச்சுன்னா, தொழிற்சங்கங்கள் ஒண்ணா நின்னதாலதான். கூட வேலை பாக்குற ரெண்டு மூணு பேரைச் சேத்துக்கிட்டு, நோட்டையும் எடுத்துக்கிட்டு போங்க.