கச்சான்னா காத்தா, கடலையா?

தூத்துக்குடி தம்பி தங்கைகளே!

"ஏஐ-ல ரிசர்ச் இன்ஜினியர்னா என்ன வேலைண்ணே?"னு கேக்குறீங்க. ஆராய்ச்சிக் கட்டுரையில இருக்குற யோசனையை கோடா எழுதி, ஓட்டிப் பார்த்து, எங்க தப்புதுன்னு கண்டுபிடிக்கிற வேலை. பாதி நாள் டேட்டாவைச் சுத்தம் பண்றதுலயே போயிரும். 1961-ல இங்க கடைசியா முத்துக் குளிச்ச காலத்துல, அழுகின சிப்பியை அலசி முத்து தேடுன மாதிரிதான். நாத்தம் மட்டும் கிடையாது!

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, 2023-ல அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு மாடல் செஞ்சு, எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க. பல மாவட்டங்கள்ல மக்கள் பேச்சையும் பதிவு பண்ணாங்க. செய்தி வாசிக்கிற தமிழ மட்டும் கேட்டு வளர்ந்த இயந்திரத்துக்கு நம்ம பேச்சு பிடிபடாதே!

நம்ம கரையில காத்துக்கு திசைக்கொரு பேர்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். வல்லத்துல போறவர் "கச்சான் எப்ப தணியும்?"னு போன்கிட்ட கேக்குறாருன்னு வைங்க. இலங்கையில கச்சான்னா வேர்க்கடலை. இயந்திரம் எதை எடுத்துக்கும்? இங்க தப்பு நடந்தா போறது உசிரு.

பைத்தான், புள்ளியியல் ரெண்டையும் இப்பவே ஆரம்பிங்க. கூடவே, தாத்தாகிட்ட கேட்டுட்டு அவர் பேச்சை பத்து நிமிஷம் பதிவு பண்ணி, ஒரு சொல்லும் மாத்தாம எழுதிப் பாருங்க. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அடுத்த கூட்டத்துல சொல்லுங்க.