ஓய்வுபெறும் நாளில் காலி செய்ய வேண்டிய வீடு



மும்பை பரேலில் அண்ணல் அம்பேத்கர் குடியிருந்த இரண்டு அறைகளைப் பற்றி நாம் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். அங்கே அவர் இரவெல்லாம் படித்ததையும் ரமாபாய் அம்மையார் வறுமையோடு குடும்பம் நடத்தியதையும் சொல்லி நெகிழ்ந்திருக்கிறோம். அந்த வீட்டுக்கு உரிமையாளர் யார், வாடகை யாருக்குப் போயிற்று என்று மட்டும் நாம் கேட்டதில்லை. அது தனியார் வீடல்ல. 1896இல் பம்பாயில் பிளேக் பரவிய பிறகு, 1898இல் அரசு ஏற்படுத்திய நகர மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய சால். நீண்ட தாழ்வாரம், வரிசையாக ஒற்றை அறைகள், எல்லாருக்கும் பொதுவான கழிப்பறை, இதுதான் சால். டிரஸ்ட் பின்னாளில் மாநகராட்சியோடு இணைந்தது. ஆக, மாநகராட்சிதான் வீட்டுக்காரர்.

அந்த வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடியிருந்தவர்களுக்கு இருந்ததா? 1922இல் மாதம் 10 ரூபாய் வாடகை கட்டுவோருக்கு மாநகராட்சித் தேர்தலில் வாக்குரிமை கொடுத்தார்கள். ஒற்றை அறைத் தொழிலாளி கட்டிய வாடகை பெரும்பாலும் அதற்கும் குறைவு. வயதுவந்த அனைவருக்கும் வாக்கு என்பது 1948 தேர்தலில்தான் வந்தது. வாடகை வாங்குவார்கள், வாக்கு தரமாட்டார்கள். உள்ளாட்சிக்கும் நமக்குமான உறவு இப்படித்தான் தொடங்கியது.

மும்பையின் பழைய வாடகைக் கட்டடங்கள் ஏன் இடிந்து விழுகின்றன என்று கேட்டால், 1947ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தைக் கைகாட்டுவார்கள். வாடகை உயரவில்லை, அதனால் வீட்டுக்காரர் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை என்பார்கள். தனியார் கட்டடங்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. அதனால்தான் 1969இல் தனிச் சட்டம் போட்டு, வரி வசூலித்து, அரசு வாரியமே பழுதுபார்க்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஆனால் அரசும் மாநகராட்சியுமே உரிமையாளராக இருந்த கட்டடங்கள் ஏன் பாழாயின? அவர்களை எந்தச் சட்டம் தடுத்தது? குடியிருந்தவர்கள் யார் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

பி.டி.டி. சால்களை எடுத்துக்கொள்வோம். 1920களில் வர்லி, நாய்காவ், என்.எம். ஜோஷி மார்க், சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டடங்கள் எழுந்தன. ஓர் அறை 160 சதுர அடி. ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய இவற்றில் ஒரு பகுதியைச் சட்டமறுப்புக் காலத்தில் சிறையாகவும் பயன்படுத்தினார்கள். சிறைக்கும் பொருந்துகிற வீடு! 1974 ஜனவரியில் தலித் பேந்தர்கள் மீது தாக்குதல் நடந்ததும் இதே வர்லியில்தான். அங்கே நம் மக்களுக்கு வெறும் வாடகை அறை மட்டும் இல்லை. அமைப்பு கட்டியதும், பாட்டுப் பாடியதும், அடிவாங்கியதும் அந்தத் தாழ்வாரங்களில்தான்.

நூறாண்டு கழித்து இவை இடிக்கப்பட்டு, மாநில வீட்டுவசதி வாரியமான மாடா மூலம் புதிதாகக் கட்டப்படுகின்றன. 160 சதுர அடிக்குப் பதில் 500 சதுர அடி, அதே இடத்தில், சொந்த வீடாக. 2025 ஆகஸ்டில் வர்லியில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள். குறைகள் இருக்கலாம். ஆனாலும் வாடகைக்காரரை ஊருக்கு வெளியே துரத்தாமல் உரிமையாளராக்க முடியும் என்பதற்கு இது சான்று. கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்த நமக்கு இதன் மதிப்பு தெரியும்.

இப்போது அதே நகரத்தின் இன்னொரு வகை வாடகை வீட்டுக்கு வருவோம். மாநகராட்சித் தூய்மைத் தொழிலாளர்களின் பணிக்குடியிருப்புகள். இங்கே வீட்டுக்காரரும் முதலாளியும் ஒருவரே. பணியில் இருக்கும்வரைதான் வீடு. ஓய்வுபெற்றால் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் தெருவைப் பெருக்கியவர், அந்த நகரத்தில் வாழ இடமின்றி நிற்பார்.

அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். லாட்-பாகே குழுவின் பரிந்துரைப்படி, தூய்மைத் தொழிலாளியின் வேலை வாரிசுக்குக் கிடைக்கும். வேலை கிடைத்தால் வீடும் நிற்கும். மகன் பட்டம் பெற்றிருந்தாலும் துடைப்பத்தை எடுத்தால்தான் அம்மாவுக்குத் தலைக்கு மேல் கூரை. வேலைப் பாதுகாப்பு என்ற வகையில் அந்தப் பரிந்துரையை நாம் குறைசொல்ல முடியாது, ஒப்பந்த முறையில் அதுவும் பறிபோகிறது. ஆனால் வீட்டை வேலையோடு முடிச்சுப் போட்டதால், குலத்தொழிலை மனுவுக்குப் பதில் மாநகராட்சியின் ஒதுக்கீட்டு ஆணை காப்பாற்றுகிறது.

இந்தக் குடியிருப்புகளையும் மாநகராட்சி 'ஆஸ்ரய்' என்ற திட்டத்தில் இடித்துக் கட்டுகிறது. வீடு பெரிதாகும், உள்ளேயே கழிப்பறை இருக்கும். நல்லது. ஆனால் அது அப்போதும் பணிக்குடியிருப்புதான். இத்தனைக்கும் 25 ஆண்டு பணிசெய்த தூய்மைத் தொழிலாளிக்குச் சொந்த வீடு தர, அம்பேத்கர் பெயரிலேயே 'சிரம சாஃபல்ய' என்றொரு திட்டத்தை மகாராஷ்டிர அரசு வைத்திருக்கிறது. அதைத்தான் தொழிலாளர்கள் கேட்கிறார்கள். ஆலைத் தொழிலாளியின் பேரன் உரிமையாளராகலாம், குப்பை அள்ளியவரின் பேரன் ஆகக்கூடாது என்றால் இதற்கு நிதிப் பற்றாக்குறை காரணமாக இருக்க முடியாது.

கட்டி முடிக்கும்வரை எங்கே இருப்பது என்பது இன்னொரு சங்கடம். வாடகைப் பணம் தருகிறோம், வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்திருப்பவர்களுக்குத் தெரியும். 'சைவம் மட்டும்' என்று டுலெட் பலகையில் எழுதியிருப்பதன் பொருள் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாடகைப் பணம் வீடாகிவிடாது. அருகிலேயே தற்காலிகக் குடியிருப்பைக் கட்டிவிட்டுத்தான் பழையதை இடிக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது? மாமன்றத்தில்தான். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடிசைப் பகுதி மேம்பாட்டையும் நகர்ப்புற வறுமை ஒழிப்பையும் உள்ளாட்சியின் பணிகளாக எழுதிவைத்திருக்கிறது. ஆனால் மும்பையில் 2022 மார்ச்சுக்குப் பிறகு மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இருக்கவில்லை. சென்னையில் 2016 முதல் 2022 வரை இல்லை. அந்த ஆண்டுகளில் கோப்புகளில் கையெழுத்திட்டவர்கள் அதிகாரிகள். 1922இல் 10 ரூபாயைக் காட்டி மறுத்த குரலை, அந்த ஆண்டுகளில் தேர்தலையே தள்ளிப்போட்டு மறுத்தார்கள்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். நம் ஒவ்வோர் ஊரிலும் நகராட்சி, மாநகராட்சித் தூய்மைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றாவது இருக்கும். அதன் ஒதுக்கீட்டு ஆணையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசியாக எந்த ஆண்டு பழுதுபார்த்தார்கள், ஊதியத்திலிருந்து வாடகையாக எவ்வளவு பிடித்தார்கள், ஓய்வுபெற்றவர் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தை இந்த மண்டபத்தில் அல்ல, அந்தக் குடியிருப்புகளில் ஒன்றில் நடத்துவோம். அந்தத் தாள்களை அங்கே இருப்பவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.