மனவுறுதியும் ஒரு வித்தையே

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நிருவாகக் குழுவார் நம்மைப் பணித்தனர். உடலை வளர்க்கும் வழிகளைப் பற்றிப் பேசுவோர் பலருளர். ஆதலின் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் விளையாடுவோருடைய மனத்தைப் பற்றியது. இதனை ஆராயும் நூலை மேனாட்டார் ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்த்துள்ளனர். விளையாட்டு மனோதத்துவம் என்றும், இக்கால வழக்கில் விளையாட்டு உளவியல் என்றும் அதனைக் கூறலாம்.

நம் வீடுகளில் நிலவும் ஓர் எண்ணத்தை முதலிற் சொல்லுவோம். ஓட்டப் பந்தயத்திற் பின்தங்கிய பிள்ளையை, "நாளையும் ஓடிப் பழகு, கால் வலுப்படும்" என்கிறோம். ஆனால் பந்தய நாளன்று கை நடுங்கிக் கண் கலங்கி நின்ற பிள்ளையை, "இவன் பயந்தாங்கொள்ளி, இது இவனுக்கு வாய்க்காது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். கால் பழகப் பழக வலுப்பெறும் என்று நம்பும் நாம், மனமும் அங்ஙனமே பழகும் என்று நம்புவதில்லை. தைரியம் பிறவிக் குணம், இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்பது நம் தீர்ப்பு. அத்தீர்ப்பு தவறானது என்பதும், அதனால் நல்ல ஆட்டக்காரர் பலர் இளமையிலேயே களத்தை விட்டு விலகுகின்றனர் என்பதுமே நாம் இன்று கூற வந்தவை.

இத்துறை நேற்றுத் தோன்றியதன்று. 1898-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்து நார்மன் டிரிப்ளெட் என்பார், சைக்கிள் பந்தயக் கணக்குகளை ஆராய்ந்தார். தனியே கடிகாரத்தோடு போட்டியிடுவோரைவிடப் பிறரோடு சேர்ந்து ஓட்டுவோர் விரைந்து செல்லக் கண்டார். பின்னர்ச் சிறுவர் சிறுமியர் 40 பேரை அழைத்து, தூண்டிற் கயிறு சுற்றும் உருளையைத் தனியாகவும் போட்டியாகவும் சுழற்றச் செய்தார். 20 பேர் போட்டியில் விரைவு பெற்றனர். 10 பேரிடம் அதிக மாறுதலில்லை. எஞ்சிய 10 பேரோ பதற்றம் மிகுந்து, தனியே சுழற்றியதைவிடப் பின்தங்கினர். ஒரே போட்டி ஒரு பிள்ளையை உயர்த்துகிறது. மற்றொரு பிள்ளையைக் கலக்குகிறது. கலங்கிய பிள்ளையின் கையில் வலுவில்லை என்று எவரும் கூற முடியாது. பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை இது.

1925-ஆம் ஆண்டில் கோல்மன் கிரிபித் என்னும் பேராசிரியர் இல்லினாய் சர்வகலாசாலையில் விளையாட்டு வீரர்க்கென ஓர் ஆராய்ச்சிச் சாலையை நடத்தலானார். 1965-இல் ரோமாபுரியில் இத்துறையினர் சர்வதேசச் சங்கம் ஒன்றை நிறுவினர். இன்று பெருந்தேசங்களின் ஒலிம்பிக் குழுக்களில் வைத்தியர் இருப்பது போலவே மனோதத்துவ நிபுணரும் இருக்கின்றனர்.

இனி, அச்சம் ஆட்டத்தை எவ்வாறு கெடுக்கிறது என்பதனைக் காண்போம். அது இரு வழிகளிற் கெடுக்கிறது.

முதலாவது, உடலின் வழியாக. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலெழுகிறது, தசைகள் இறுகுகின்றன, பார்வை குறுகுகிறது. இக்கிளர்ச்சி முழுவதும் தீயதன்று. சிறிதுமில்லையேல் சோம்பல் வந்துவிடும். வீணையின் தந்தி தளர்ந்தால் நாதமில்லை. அளவுக்கு மேல் முறுக்கினால் அறுந்துபோம். தனக்கேற்ற முறுக்கம் எது என்பதனை ஒவ்வோர் ஆட்டக்காரரும் அறிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி சுடுவோர்க்கு வேண்டிய அளவு வேறு. பளுத் தூக்குவோர்க்கு வேண்டிய அளவு வேறு.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. தாய்மார்கள் இதனை எளிதில் உணர்வார்கள். நாடோறும் வாசலிற் கோலமிடுங் கை, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குச் செல்லுவது என்று யோசிப்பதில்லை. அது தானே செல்லுகிறது. நாலு பேர் சூழ நின்று பார்க்க, "பிசகக்கூடாதே" என்று ஒவ்வோர் இழையையும் எண்ணி எண்ணி இழுத்தால், அன்றைக்குத்தான் கோலம் பிசகும். பழகிய வித்தையை அறிவு இடைபுகுந்து மேற்பார்வை செய்யத் தொடங்கினால் வித்தை தடுமாறும். சையன் பைலாக் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும் கோல்ப் ஆட்டத்தை வைத்து ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட கட்டுரை இதனையே விளக்குகிறது.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. 1993-ஆம் ஆண்டு விம்பிள்டன் டென்னிஸ் இறுதியாட்டத்தில், செக் நாட்டு வீராங்கனை யானா நோவோட்னா, ஸ்டெபி கிராபை எதிர்த்து ஆடினார். கடைசிப் பகுதியில் 4-க்கு 1 என்று முன்னின்றார். இன்னும் ஒரு புள்ளி பெற்றால் 5-க்கு 1. அச்சமயம் அவர் பந்தை இருமுறையும் பிசகாக அடித்து அப்புள்ளியை இழந்தார். அதன்பின் அவருக்கு ஓர் ஆட்டமும் கிட்டவில்லை. கிராப் 6-க்கு 4 என்று வென்றார். பரிசளிப்பின்போது கெண்ட் சீமாட்டியின் தோளிற் சாய்ந்து நோவோட்னா அழுததை உலகமே கண்டது. அன்று அவரைப் பார்த்து, "நெஞ்சுரமில்லாதவர்" என்று சொன்னவர் பலர். ஆனால் அவர் 1997-இல் மீண்டும் இறுதியாட்டத்தில் நின்று தோற்றார். 1998-இல் மூன்றாம் முறையும் நின்று வென்றார். நெஞ்சுரம் பிறவியிலேயே இல்லாதவர்க்கு அது 5 ஆண்டுகளில் எங்கிருந்து வந்தது?

நம் தேசத்து உதாரணம் ஒன்றும் கூறுவோம். தனி நபர் போட்டியில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் ஈட்டியவர் அபினவ் பிந்த்ரா. அவர் 2004-இல் ஏதென்ஸ் நகரில் இறுதிச் சுற்றுவரை சென்று 7-ஆம் இடமே பெற்றவர். இடைப்பட்ட காலத்தில் அவர் துப்பாக்கிப் பயிற்சியோடு மனப் பயிற்சியையும் விடாது மேற்கொண்டார். ஜெர்மனியில் 40 அடி உயரமுள்ள கம்பத்தின் உச்சிக்கு ஏறியதையும், பாதி வழியில் அச்சம் பற்றிக்கொண்டும் மேலே சென்றதையும் அவரே கூறியுள்ளார். துப்பாக்கி சுடுதற்கும் கம்பம் ஏறுதற்கும் என்ன சம்பந்தம்? அச்சம் வந்த பின்னும் கையைத் தன் வசத்தில் வைத்துக்கொள்ளுதல் என்னும் பாடமே சம்பந்தம்.

அப்பாடம் பெய்ஜிங்கிற் பயன்பட்டது. இறுதிச் சுற்றுக்கு முன் சோதனையாகச் சுட்டபோது குண்டு வெகுவாக விலகிற்று. துப்பாக்கியின் குறிநோக்கி தாம் வைத்த நிலையில் இல்லை எனக் கண்டார். பதறாமல் அதனைச் சரி செய்துகொண்டு சுற்றில் இறங்கினார். கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்து வீரர் ஹக்கினெனும் சமமாயிருந்தனர். ஹக்கினென் சுட்டது 9.7, பிந்த்ரா சுட்டது 10.8.

இம்மனப் பயிற்சியில் என்னென்ன அடங்கியுள்ளன என்று இளைஞர்கள் கேட்கலாம். அவற்றுள் மந்திரமொன்றுமில்லை, வீட்டிலேயே தொடங்கத்தக்க நான்கினைக் கூறுவோம்.

முதலாவது மூச்சு. மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததினும் நெடிதாக வெளிவிடப் பழகினால் படபடப்பு அடங்கும். தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் வைத்தியர் 1929-இல் நூலாக வெளியிட்டார். அதுவும் இதற்குத் துணை.

இரண்டாவது மனக்காட்சி. ஆட்டத்தை முன்கூட்டியே மனத்தில் ஆடிப் பார்த்தல். வெற்றியை மட்டும் கனவு காண்பது இதுவன்று. இடையூறு நேர்ந்தால் என் செய்வது என்பதனையும் காணுதல் வேண்டும். நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் அங்ஙனம் பழகியவர். 2008-இல் 200 மீட்டர் பட்டர்பிளை நீச்சலில் அவர் அணிந்த கண்ணாடிக்குள் நீர் புகுந்து கண் மறைந்தது. அவர் கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி, உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

மூன்றாவது ஒழுங்கு. பந்தெறியுமுன்னும், ஓட்டக் கோட்டில் நிற்குமுன்னும், என்றும் செய்யும் சிறு செயல்களை அதே வரிசையிற் செய்தல். பழகிய வரிசை, அலைகின்ற மனத்தைக் கைப்பிடித்து அழைத்து வரும்.

நான்காவது இலக்கு. "முதலிடம் பெறுவேன்" என்பது பிறர் ஓட்டத்தையும் பொறுத்தது. "புறப்பாட்டிற் பதறேன், கடைசி 20 மீட்டரில் தோளை இறுக்கேன்" என்பது நம் கையிலிருப்பது. கையிலிருப்பதனை இலக்காகக் கொள்வோர்க்கு அச்சம் குறையும்.

சென்னையிற் பிறந்த குகேஷ் 18-ஆம் வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியனானதை அறியாதார் இங்கிலர். 2024-இல் சிங்கப்பூரில் நடந்த அப்போட்டியில் முதல் ஆட்டத்திலேயே அவர் தோற்றார். 11-ஆம் ஆட்டத்தில் வென்று முன்னேறியவர் 12-ஆம் ஆட்டத்தில் மீண்டும் தோற்றார். ஆயினும் 14-ஆம் ஆட்டத்தில் வென்று பட்டம் பெற்றார். அவருக்கு மனப் பயிற்சி அளித்தவர் பாடி அப்டன். 2011-இல் உலகக் கோப்பை வென்ற நம் கிரிக்கெட் குழுவுக்கும் துணையாயிருந்தவர். அறிவாற் சிறந்த பிள்ளைக்கும் மனப் பயிற்சிக்கென ஓர் ஆசான் வேண்டியிருந்தார் என்பதனைக் கவனிக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மனப் பயிற்சி உடற்பயிற்சிக்கு ஈடாகாது. பழகாத கையை மனக்காட்சி பழக்கிவிடாது. அன்றியும், பயிற்சியால் மட்டும் தீராத மனவருத்தங்களும் உண்டு. ஒப்பற்ற ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், டோக்கியோவில் 2021-இல் நடந்த ஒலிம்பிக்கில், அந்தரத்திற் சுழலும்போது தம் உடல் எந்நிலையிலுள்ளது என்னும் உணர்வை இழந்து, குழுப் போட்டியிலிருந்து நடுவே விலகினார். தலைகீழாய் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அவர் விலகியது கோழைத்தனமன்று, விவேகம். தக்க சிகிச்சையும் ஓய்வும் பெற்று 2024-இல் பாரிஸ் நகரில் மூன்று தங்கங்கள் வென்றார். முறிந்த எலும்புக்கு வைத்தியரிடம் செல்ல நாம் வெட்கப்படுவதில்லை. நொந்த மனத்துக்குச் செல்லவும் வெட்கப்படலாகாது.

இறுதியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் குழுக்களில் நடத்திய ஓர் ஆராய்ச்சி 1992-இல் வெளியாயிற்று. பிழைகண்டவிடத்து ஏசாமல் திருத்திக் காட்டவும், முயற்சியைப் பாராட்டவும் சில பயிற்சியாளர்க்குக் கற்பித்தனர். மறு ஆண்டு அவர்களிடமிருந்து விலகிய சிறுவர் நூற்றுக்கு 5 பேர். அங்ஙனம் கற்பிக்கப்பெறாத பயிற்சியாளரிடமிருந்து விலகியவர் நூற்றுக்கு 26 பேர். வெற்றி தோல்விகளில் இரு வகையினரும் பெரிதும் வேறுபடவில்லை. பிள்ளைகளை விரட்டியது தோல்வியன்று. தோல்விக்குப் பின் கேட்ட சொல்லே.

ஆகவே, ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், "ஜெயித்தாயா?" என்று முதலிற் கேளாதீர்கள். "இன்று எது நன்றாக வந்தது? எது வரவில்லை?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பலர் முன்னிலையில் ஏசாதீர்கள். ஆண் பிள்ளையின் கண்ணீரை இகழாதீர்கள். பெண் பிள்ளையின் விளையாட்டை ஒரு தோல்வியைக் காரணங்காட்டி நிறுத்தாதீர்கள். போட்டிக்கு முந்திய இரவில் புத்திமதியைக் குறைத்து உறக்கத்தை மிகுதியாக அளியுங்கள்.

சங்கத்தார்க்கும் இரு வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். கோடை விடுமுறைப் பயிற்சியில் தேர்ந்த மனோதத்துவ நிபுணர் ஒருவரை வரவழைத்து, பிள்ளைகளோடு பெற்றோர்களும் கேட்குமாறு ஒரு நாள் பேசச் செய்தல் வேண்டும். முதலிடம் பெறுவோர்க்கு வழங்கும் பரிசுகளோடு, சென்ற ஆண்டின் தம் அளவைத் தாமே மிகுதியாகக் கடந்த பிள்ளைக்கும் ஒரு கிண்ணம் ஏற்படுத்துதல் வேண்டும். அக்கிண்ணத்துக்கு வேகத்திற் பின்தங்கிய பிள்ளையும் முயலலாம். அங்ஙனம் முயலும் பிள்ளை அடுத்த ஆண்டும் களத்துக்கு வரும்.